அடிமுடி தெரிந்த பக்தர்

பிரம்மாவும் விஷ்ணுவும் தேடி அலுத்தும் அடிமுடி காட்டாத சாமியின் ஊர் திருவண்ணாமலை. சாமிக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு, பக்தனுக்குக் கிடையாது. பௌர்ணமிக்கு முதல்நாள் இங்கே ஏதாவது ஒரு லாட்ஜில் ஏறிப் பாருங்கள். மேசையில் நீள நோட்டு ஒன்று விரித்தே கிடக்கும். பெயர், ஊர், போன் நம்பர், ஈமெயில். எழுதக் குனிந்தால் நமக்கு முன்னால் வந்த அத்தனை பேர் ஜாதகமும் கண்ணில் படும். பேனாவை மட்டும் நூல் போட்டுக் கட்டியிருப்பார்கள். திருடு போய்விடக் கூடாதே!

"ஈமெயில் எதுக்குங்க?"

"கட்டம் இருக்குதில்ல சார், ஃபில் பண்ணிருங்க."

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகாது. மனை விற்பனை, மூட்டுவலித் தைலம், குபேர யந்திரம் என்று வரிசை கட்டும். பின்னாலேயே, கேஒய்சி புதுப்பிக்காவிட்டால் வங்கிக் கணக்கு முடங்கும், இந்த லிங்கைத் தொடவும் என்று ஒரு மிரட்டல். பிரம்மாவுக்கு அகப்படாத முடி மனை புரோக்கருக்கு அகப்பட்டுவிட்டது.

லாட்ஜ்காரரைத் திட்டி என்ன பயன்? படித்தவர்கள் டெல்லியில் செய்ததைக் கேளுங்கள். 2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இணையச் சமநிலை தொடர்பாக மக்களிடம் கருத்துக் கேட்டது. பத்து லட்சத்துக்கும் மேல் ஈமெயில் குவிந்தது. ஏப்ரல் 27 அன்று அவற்றை அனுப்பியவர்களின் பெயரோடும் ஈமெயில் முகவரியோடும் தன் இணையதளத்தில் போட்டுவிட்டது ஆணையம். வெளிப்படைத்தன்மையாம்! வெளிப்படையாக இருக்க வேண்டியது ஆணையமா, நாமா? ஸ்பேம் அனுப்புகிறவன் வருஷக்கணக்கில் பொறுக்க வேண்டியதை அரசாங்கமே மரக்கால் மரக்காலாக அளந்து கொடுத்தது. தொல்லை அழைப்புகளைத் தடுக்கும் 'தொந்தரவு செய்யாதீர்' பட்டியலைக் கொண்டுவந்ததும் இதே ஆணையம்தான் என்பதை நினைத்தால் சிரிப்புக்கூட வரவில்லை, வயிறு எரிகிறது.

2023-இல் ஒருவழியாக டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்றதும் கை தட்டினோம். அந்தப் பணம் போவது அரசுக் கஜானாவுக்கு. பறிகொடுத்தவனுக்குச் சல்லிக்காசு கிடையாது. இழப்பீடு கேட்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் ஒண்டிக்கொண்டிருந்த 43ஏ பிரிவையும் நீக்கச் சொல்வது இந்தப் பாதுகாப்புச் சட்டமேதான். பொய்ப் புகாரோ அற்பப் புகாரோ கொடுத்தால் நமக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. எது அற்பம் என்று முடிவு செய்யப்போவது நாமில்லை. தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளும் வழியையும் ஒன்றிய அரசு மறக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

அறிவுரைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. ஓடிபி சொல்லாதே, லிங்கைத் தொடாதே, பாஸ்வேர்டை மாற்று. எல்லாம் செய்ய வேண்டியதுதான். வங்கிக்கு ஒரு ஈமெயில், லாட்ஜுக்கும் கடைக்கும் வேறொன்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் போனால் அந்த நிமிஷமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள். ஆனால் விழிப்புணர்வு வகுப்பில் ஏன் எப்போதும் நம்மையே முதல் பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள்? கிழவி ஒருத்தி அசந்து ஒரு லிங்கைத் தொட்டால் ஓய்வூதியம் அன்றைக்கே போய்விடும். முகவரிகளை மூட்டை கட்டி வைத்திருக்கும் நிறுவனங்கள் திருந்துவதற்கு 2027 மே வரை தவணை.