பிரம்பு மகாராஜர் மெய்க்கீர்த்தி

ஸ்ரீமத் ராஜாதிராஜ ராஜமார்த்தாண்ட, பிள்ளை வளர்ப்புக் கலையின் ஏகச் சக்கரவர்த்தி, மாட்சிமை தங்கிய பிரம்பு மகாராஜர் அவர்களின் சமூகத்துக்கு அனந்தகோடி நமஸ்காரம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தபோது மகாராஜர் சினம் கொள்ளவில்லை. பெருந்தன்மையோடு மேசைமேலிருந்து இறங்கி மேசை டிராயருக்குள் எழுந்தருளினார். வீடுகளிலோ பெல்ட், கரண்டிக் காம்பு, செருப்பு என்று அவர் எடுக்காத அவதாரம் இல்லை.

செங்கல்பட்டுச் சீமையின் தகப்பன்மார்களுடைய பக்தியை என்னென்பது! "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைக்கிறார்கள். கண்ணை விட்டுவைக்கச் சொன்னதில்தான் எத்தனை தீர்க்கதரிசனம்! ராத்திரி அம்மா வாங்கும் அடியைப் பார்த்துப் பாடம் படிக்க அந்தக் கண்கள் வேண்டாமா?

பாடமும் வீண்போவதில்லை. படியேறும் செருப்புச் சத்தத்தை வைத்தே, அப்பா இன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார், எந்த மூலையில் ஒடுங்க வேண்டும் என்று ஆறு வயதுப் பிள்ளை கணித்துவிடுகிறான். பத்து வயதில் தங்கையின் மண்டையில் குட்டிப் பழகுகிறான். பதினாறில் அவன் கை ஓங்கினால் தெருவே விலகி நிற்கிறது. என்ன ஒரு குருபரம்பரை! 1989இல் கேத்தி விடோம் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மகாராஜருக்குப் பட்டயமே எழுதித் தந்தார். சிறுவயதில் அடிபட்டோ அனாதரவாகவோ வளர்ந்த 908 பேரில் நூற்றுக்கு 26 பேர் பதின்பருவத்திலேயே கைதாகியிருந்தார்கள். அந்தப் பாக்கியம் பெறாதவர்களில் 17 பேர்தான். இத்தனை பாக்கியம் பெற்றும் கைதாகாமல் போன மீதி 74 பேரின் நன்றிகெட்டதனத்தை மகாராஜர் மன்னித்தருள வேண்டும்.

"கல்லே அடிபட்டுத்தானே சிலையாகிறது" என்று மாமல்லபுரத்தைக் காட்டிப் பாடும் ஆஸ்தானப் புலவர்களும் உண்டு. ஆனால் சிற்பிகள் பயந்தாங்கொள்ளிகள். தட்டி ஓசை கேட்டு, கோடு போட்டு, மூக்கருகே வந்ததும் உளியை மெல்லத் தொடுகிறார்கள், கல் உடைந்துவிடுமாம்! உடைவதைப் பற்றிக் கவலைப்படாத வீரம் மகாராஜர் ஒருவருக்கே சொந்தம். அந்தப் பல்லவச் சிற்பியின் பேதைமையைத்தான் பாருங்கள். 'அடியாத மாடு படியாது' என்பதுகூடத் தெரியாமல், கிருஷ்ண மண்டபத்துப் பாறையில், பால் கறக்கும்போது பசு தன் கன்றை நக்கிக் கொடுப்பதாகச் செதுக்கி வைத்திருக்கிறான்.

வீட்டில் பாடம் முடியாதவர்களுக்கு மேற்படிப்புக்கும் செங்கல்பட்டில் குறைவில்லை. வெள்ளைக்காரர்கள் 1887இலேயே சீர்திருத்தப் பள்ளி திறந்த ஊர் அல்லவா! 2022 டிசம்பரில், ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன் ஒருவன் அங்குள்ள அரசு இல்லத்தில் சேர்க்கப்பட்டான். பையனைத் திருத்த மற்றவர்களுக்கு அன்பு, படிப்பு, தொழில், வருஷக்கணக்கான பொறுமை என்று என்னென்னவோ தேவைப்படும். மகாராஜரோ புத்தாண்டு பிறக்கும் முன்பே, டிசம்பர் 31 அன்றே, வேலையை முடித்துக் கொடுத்தார். அந்தப் பையன் இனி எதையும் திருட மாட்டான். அவனை அடித்துக் கொன்றதாக இல்லத்துப் பணியாளர்கள் ஆறு பேர் கைதானது மட்டும் திருப்பணிக்கு நேர்ந்த சிறு இடைஞ்சல்.

பிள்ளை உயிரோடு மிஞ்சிவிட்டால் அந்த இடைஞ்சலும் குறைவு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 82ஆம் பிரிவில், இல்லத்துப் பிள்ளையைத் திருத்துவதற்காக அடிக்கும் ஊழியருக்கு முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதிக்கிறது. ஒரு சுமாரான செல்போன் விலை. மறுபடி அடித்தால்தான் சிறை, அதுவும் மிஞ்சினால் மூன்று மாதம். முதல் தப்புக்கே உள்ளே போவதெல்லாம் பேட்டரி தூக்கும் பொடியன்களுக்கு உரியது. மகாராஜரின் சேவகர்களுக்கு அது அழகல்ல.