கொழுத்த கன்று ஏலத்தில்

பல வருடம் கோயில் பக்கம் தலைகாட்டாதவன் திரும்பி வரும்போது கடைசி பெஞ்சில் உட்காரத்தான் ஆசைப்படுவான். தூத்துக்குடிச் சீமையில் எங்கள் தென்னிந்தியத் திருச்சபைக் கோயில்களில் அது நடக்காது. முதல் மணி அடிக்கும்போதே வந்து கடைசி பெஞ்சைப் பிடித்துவிடுகிற பக்திமான்கள் இருக்கிறார்கள். பிந்தி வருகிறவன் முன்வரிசைக்குத்தான் போயாக வேண்டும், குருவானவரின் கண்ணுக்கு நேராக.

நான் நாத்திகம் பேசிப் பிரிந்தவன் அல்ல. அப்படியிருந்தால் ஒரு கௌரவமாவது மிஞ்சியிருக்கும். வேலைக்குச் சென்னை போனேன், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் ருசித்தது, அவ்வளவுதான். நடுவில் ஒருமுறை ஊருக்கு வந்த சமயம் சபைத் தேர்தல். கோயில் வாசலில் போலீஸ் வேன் நின்றது. இதற்குத் தூக்கமே மேல் என்று தோன்றிவிட்டது. வேலையை விட்டு ஊரோடு வந்த பிறகு, முழங்கால் வலிக்கார அம்மாவைப் பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிடும் பொறுப்பு என்மேல் விழுந்தது. வாசலில் வேப்பமரம்கூட இல்லை. வெயில்தான் என்னை உள்ளே அனுப்பியது. இதை மனந்திரும்புதல் என்று சாட்சிக் கூட்டத்தில் சொல்ல முடியுமா, தெரியவில்லை.

ஜீவபுஸ்தகத்தில் என் பெயர் இருக்கிறதா என்பது பரமபிதாவுக்கு வெளிச்சம். சபைச் சந்தா எழுதும் சங்கக் கணக்கு நோட்டில் இருந்தது. வருடவாரியாகப் பாக்கியோடு இருந்தது. கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் அந்த நோட்டைத்தான் முதலில் புரட்டுவார்கள் என்பதால் அதில் ஒரு பெயரும் தப்பாது.

நோட்டைக் காட்டிய கையோடு சபைச் செயலாளர் சொன்னார்: "தம்பி, இந்த வருசம் அறுப்பின் பண்டிகை ஏலத்த நீங்கதான் விடணும். கமிட்டியில முடிவாயிட்டு."

வேதத்தில் கூப்பிட்ட உடனே சரி என்றவர்கள் குறைவு. மோசே தனக்குப் பேச்சு வராது என்றார். எரேமியா வயது போதாது என்றார். யோனா வாதாடவே இல்லை, நேரே போய்க் கப்பலேறிவிட்டார். மூன்றையும் யோசித்துப் பார்த்தேன். சென்னையில் நான் பார்த்தது விற்பனைப் பிரதிநிதி வேலை என்று ஊருக்கே தெரியும். பேச்சு வராது என்றால் நம்ப மாட்டார்கள். வயது வழுக்கையில் தெரிகிறது. தூத்துக்குடியில் நிற்பதெல்லாம் சரக்குக் கப்பல். "எனக்கு விசுவாசமே இப்பத்தான் அரைகுறையா…" என்று ஆரம்பித்தேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். விசுவாசம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. தொண்டை இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

காரணம், வழக்கமாக ஏலம்விடும் அண்ணாச்சிக்குக் குரல் போய்விட்டது. ஊரைவிட்டுப் போகாதவர், ஓர் ஆராதனையும் தவறவிடாதவர், சங்கப் பாக்கி ஒரு ரூபாய் இல்லாதவர். "இத்தன பேர் இருக்க, வராதவன் கையிலயா மைக்கு?" என்று கரகரத்தாராம். நியாயமான கேள்வி. கெட்ட குமாரன் வீடு திரும்பியபோது தகப்பன் கொழுத்த கன்றை அடித்து விருந்து வைத்தார். எங்கள் சபையில் அந்தக் கன்றை ஏலம்விடச் சொன்னார்கள். மூத்த குமாரன் வெளியே நின்று முறைத்ததில் மட்டும் மாற்றமில்லை.

இந்த அறுப்பின் பண்டிகை இங்கிலாந்துச் சரக்கு. கார்ன்வாலின் மோர்வென்ஸ்டோ என்ற ஊரில் 1843-இல் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்ற குருவானவர் நடத்திய நன்றி ஆராதனையிலிருந்துதான் ஆங்கிலிக்கன் சபைகளில் இது இன்றைய வடிவத்தில் பரவியது என்பார்கள். ஆள் கொஞ்சம் விசித்திரப் பேர்வழி. ஞாயிற்றுக்கிழமை எலி பிடித்த குற்றத்துக்காகத் தன் பூனையைச் சபை நீக்கம் செய்தார் என்று ஒரு கதை உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பிடித்ததையெல்லாம் அவர் பார்த்திருந்தால் என்னைத் தேவாலயத்துக்கு ஒரு மைல் தூரத்திலேயே நிறுத்தியிருப்பார்.

அங்கே கோதுமை விளைந்தது. எங்கள் தேரி மண்ணில் அறுப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் பீடத்துக்கு முன்னால் குவிந்துவிடும்: முதல் குலை வாழை, கருப்பட்டிச் சிப்பம், முருங்கைக்காய்க் கட்டு, முட்டை, பூசணி, வெளியூர்க்காரர் கொண்டுவந்த மேசை மின்விசிறி. ஏலத்துக்கும் சந்தைக்கும் சம்பந்தமில்லை. ஓர் எலுமிச்சம்பழம் 500 ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் அதை மறுபடி கோயிலுக்கே கொடுப்பார். அதே பழம் மறுபடி ஏலத்துக்கு வரும். சம்பந்திகள் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால் ஏலம்விடுகிறவன் வாயே திறக்க வேண்டாம். அந்த வருடம் ஒரு பூசணிக்காயில் இரண்டு குடும்பத்தின் பழைய வரதட்சணைக் கணக்கு மொத்தமும் தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

கடைசியில் சேவல் வந்தது. அதைக் கையில் தூக்கி, "ஒரு தரம்…" என்றேன். மைக்குக்கு நேராக ஒரு கூவல் கூவியது. வேதம் தெரிந்த ஊர். சேவல் கூவுமுன் ஆண்டவரை மறுதலித்த பேதுருவின் கதை தெரியாத குழந்தைகூட இல்லை. முன்வரிசைப் பெரியவர்கள் சேவலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். "ரெண்டு தரம்" சொல்வதற்குள் வேர்த்துவிட்டது. பின்னால் தூணோரம் நின்ற அண்ணாச்சி, குரல் இல்லாததால் கையை மட்டும் தூக்கினார். 1,800 ரூபாய்.

பாதிப்பேர் ரொக்கம் கொடுப்பதில்லை. "கணக்குல எழுதிக்கோ" என்பார்கள். வசூலும் ஏலம்விட்டவன் தலையில்தான் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நோட்டோடு வீடு வீடாகப் போனேன். பணம் கேட்டால், "வந்ததே வந்தீங்க, ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்றார்கள். வாய்விட்டு ஜெபித்துப் பல வருடம் ஆனவன் என்ன செய்வது? கண்ணை மூடினால் அலுவலகக் கடிதம்தான் வந்தது. முருங்கைக்காய்க்கு 60 ரூபாய் பாக்கி வைத்திருந்த ஒரு பாட்டி வீட்டில், "மேற்படி குடும்பத்தாரின் சுகவீனத்தைத் தங்கள் மேலான கவனத்துக்கு…" என்று வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று எடுத்துவைக்க ஒருநாளும் மறக்காத கிழவி. ஒரு கண்ணைத் திறந்து, "எய்யா, நிதானமாச் சொல்லு. அவரு எங்கயும் ஓடிப்போவ மாட்டாரு" என்றாள்.

அடுத்த வீட்டில் மேற்படி இல்லாமல் ஜெபித்தேன்.

அண்ணாச்சி வீட்டைக் கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தேன். போனபோது உச்சிவேளை. வாசலிலேயே குழம்பு மணத்தது. கூட்டில் சேவலைக் காணவில்லை. இலை போட்டார்கள். அண்ணாச்சி தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, என் பக்கம் கையை நீட்டினார். நன்றி சொல்லி ஜெபித்தேன். தொடைக்கறியை எடுத்து என் இலையில் வைத்தார். சாப்பிட்டுக் கைகழுவி வந்து, மெல்ல நோட்டைப் பிரித்தேன்.

"அண்ணாச்சி, 1,800…"

"கணக்குல எழுதிக்கோ" என்றார். குரல் தெளிவாகத்தான் இருந்தது.