மேயர் ஐவர், நகராட்சி இல்லை

அமெரிக்க நகராட்சிகளுக்கு ஓயாத தொல்லை ஒன்று உண்டு. மாநிலத் தலைநகரிலும் வாஷிங்டனிலும் என்ன மசோதா வருகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். ஆதரவா, எதிர்ப்பா என்று தீர்மானம் போட்டு, பேச ஆளும் அனுப்ப வேண்டும். சிங்கப்பூருக்கு அந்தக் கவலை இல்லை. நகரம், மாநிலம், மத்திய அரசு மூன்றும் இங்கே ஒன்றுதான். மனு எழுதுபவரும் அதை நிராகரிப்பவரும் ஒரே மேசையில் தே தாரே குடிக்கலாம்.

நமக்கும் ஒரு காலத்தில் நகர சபை இருந்தது. 1959இல் அரசாங்கமே அதை விழுங்கிவிட்டது. 1963இல் மலேசியாவில் சேர்ந்தபோது கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் 15 இடங்கள் கிடைத்தன. முறையிட்ட வேகத்தில், 1965 ஆகஸ்ட் 9 அன்று தனி நாடாகவே அனுப்பி வைத்தார்கள். மத்திய அரசிடம் குறை சொல்லி இவ்வளவு முழுமையான பதில் வாங்கிய ஊர் வேறு உண்டா?

இப்போது மேயர்கள் ஐவர் இருக்கிறார்கள், ஆள நகராட்சிதான் இல்லை. பழைய நகர மண்டபத்தில் ஓவியங்கள் தொங்குகின்றன. சட்டமோ தாமதமில்லாமல் வரும்: லிட்டில் இந்தியாவை மதுக் கட்டுப்பாட்டு வட்டாரமாக்க வழிசெய்த மசோதா 2015 ஜனவரி 19 அன்று அறிமுகமாகி, 30ஆம் தேதி நிறைவேறியது. அங்குள்ள சிராங்கூன் சாலைக்காக வாதாட ஒரு நகராட்சி இருந்திருந்தால், அதற்குள் துணைக்குழுவுக்குத் தலைவரைக்கூடத் தேர்ந்தெடுத்திருக்காது.

ஆகவே வாசகரே, சட்டத்தில் குறை கண்டால் உங்கள் எம்.பி.யின் மக்கள் சந்திப்புக்குப் போங்கள். மாநிலம், மத்தி என்று அலைய வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஒரே வரிசைதான்.