இரு கப்பல் வழக்கு: ஒரு மூலபாட ஆய்வு

பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் பனுவல் ஒன்றுக்கு இதுவரை செம்பதிப்பு வரவில்லை. கடலூர் வட்டாரத்தில் வழங்கும் பாடம் வருமாறு: ‘60 மீ உயரமுள்ள கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து ஒருவர் இரு கப்பல்களைக் காண்கிறார். இறக்கக்கோணங்கள் முறையே 45°, 30° எனில், கப்பல்களுக்கு இடைப்பட்ட தொலைவைக் காண்க.’ படம் தரப்படவில்லை. கப்பல்கள் விளக்கத்துக்கு ஒரே பக்கமா, இரு பக்கமா என்பதும் சொல்லப்படவில்லை. தேவார ஏடுகள் தில்லையில் கறையான் அரித்தது போக எஞ்சியவையே கிடைத்தன என்பது மரபு. இந்த வினாவிலும் ஒரு வரியைக் கறையான் தின்றிருக்க வேண்டும்.

45° கப்பல் விளக்கத்தின் அடியிலிருந்து 60 மீட்டரில் நிற்கிறது. மற்றது 60√3, அதாவது 103.92 மீட்டரில். இதுவரை சண்டை இல்லை. இதற்குப் பிறகுதான் அறிவுலகம் இரண்டாகப் பிளக்கிறது. ஒருபுறவாதிகள் கழித்து 43.92 மீ என்பர். இருபுறவாதிகள் கூட்டி 163.92 மீ என்பர்.

ஒருபுறவாதிகளின் தலையாய சான்று, ஜியாமெட்ரி பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் காம்பஸ் முனையால் கீறிய படம் (துருவேறியது, காலம் அறுதியிடப்படவில்லை). இருபுறவாதிகள் கடைசி பெஞ்சில் உள்ள கல்வெட்டைக் காட்டுகின்றனர். அதில் தெளிவாகக் கூட்டல் குறி இருக்கிறது. அது கணக்கில் வரும் கூட்டல் அன்று, இரு பெயர்களுக்கு நடுவே யாரோ செதுக்கிய கூட்டல் என்பது எதிர்த்தரப்பு மறுப்பு. இரண்டு பெயரில் ஒன்று பிற்காலத்தில் சுரண்டப்பட்டிருப்பதால் அதையும் கழித்தலாகவே கொள்ள வேண்டும் என்பது மறுப்புக்கு மேல் மறுப்பு (சிதம்பரம்–கடலூர் பேருந்துச் சீட்டின் பின்புறம், பென்சில் குறிப்பு, நடத்துநர் கிழித்த பகுதியில் இருந்திருக்கக்கூடிய பாடபேதம் தனி நூலாக ஆராயத்தக்கது).

இவர்களில் ஒருவரும் கடற்கரைக்குப் போய்ப் பார்க்கவில்லை. கடலூரில் கடல் கிழக்கே மட்டும்தான் இருக்கிறது. கிழக்கே ஒரு கப்பல் நின்றால், எதிர்ப்பக்கத்துக் கப்பல் மேற்கே நிற்க வேண்டும். மேற்கே உப்பனாறு உண்டே என்று ஒரு சாரார் வாதிடலாம். மீன்பிடிப் படகுக்கு அது சரி, கப்பலுக்கு ஆகாது. வினா கப்பல் என்றே சொல்கிறது. உரைகாரர் மூலத்தைத் திருத்துவது நூல்மரபுக்கு ஒவ்வாது.

ஒருபுறக் கட்சிக்கும் இதில் மகிழ ஒன்றுமில்லை. கரையோர விளக்கத்திலிருந்து 60 மீட்டரில் நிற்பது கப்பல் அன்று, தரைதட்டிய கப்பல். கடலூரில் பெரிய கப்பல்கள் கரையை அணையாமல் தள்ளி நங்கூரமிட, தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்குவதே நெடுநாள் வழக்கமாக இருந்தது. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கப்பலை அதே 60 மீட்டர் உச்சியிலிருந்து பார்த்தால் இறக்கக்கோணம் ஏறக்குறைய 2.3°. அந்தக் கோணம் பாடத்திட்டத்தில் இல்லை. 30, 45, 60 என்ற மூன்றுக்குள் அடங்குவதற்காகவே ஆண்டுதோறும் கப்பல்கள் மணலில் ஏறிக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவது வாசிப்பு ஒன்று உண்டு. ஒரு கப்பல் வடகிழக்கே, மற்றது தென்கிழக்கே நிற்கட்டும். இரண்டும் கடலில்தான் இருக்கின்றன, நடுவே செங்கோணம். பிதாகரஸ் தேற்றப்படி 3600-உம் 10800-உம் சேர்ந்து 14400. வர்க்கமூலம் சரியாக 120 மீ. தசமப் புள்ளி இல்லை, 1.732 இல்லை. புவியியலும் ஒப்பும், கணிதமும் ஒப்பும். இந்த விடைக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது. திசை சொல்லப்படாத வரையில் 43.92 முதல் 163.92 வரை எந்த எண்ணும் விடையாகலாம் என்பதே உண்மை.

முக்கோணவியலின் மற்ற வினா வகைகளுக்கும் இதே கதிதான். ஏணி வகை: சுவர் செங்குத்துதானா என்று கேட்கக் கூடாது.

பட்டம் வகை: நூலில் தொய்வில்லை எனக் கொள்க, காற்று கேட்டுக்கொள்ளும்.

கோபுர வகைக்குச் சிதம்பரம் போக வேண்டும். ‘கோபுரத்தின் அடியிலிருந்து 40 மீ தொலைவில் ஒருவர் நிற்கிறார்’ என்கிறது வினா. எந்த அடி? நடராசர் கோயிலின் ஏழுநிலைக் கோபுரங்கள் மேலே போகப்போகக் குறுகுபவை. கலசம் நிற்பது அடித்தளத்தின் நடுவுக்கு நேர்மேலே. ஆள் நிற்பதோ கல்சுவரின் விளிம்புக்கு வெளியே. அந்த 40 மீட்டரை விளிம்பிலிருந்து அளந்தால் விடை கூடும், நடுவிலிருந்து அளந்தால் குறையும். வாசலின் நடுவிலேயே போய் நின்றால் ஏற்றக்கோணம் 90°. டேன் மதிப்பு வரையறுக்கப்படாதது, கலசமும் கண்ணுக்குத் தெரியாது. செருப்பை வெளியே விட்டதால் கண்ணின் உயரம் குறைந்த அளவைக் கழிப்பதா என்பது பற்றி மூன்று கொள்கைகள் உள. அவற்றுள் இரண்டு செருப்பு தொலைந்தவர்களுடையவை (செருப்புக் காப்பிட டோக்கன், எண் அழிந்தது, மறுபக்கம்).

நிஜமாகவே கோபுரம் ஏறிக் கோணம் அளந்தவர்களும் இருந்தார்கள். வில்லியம் லாம்டன் 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து பெரும் முக்கோணவியல் அளவையைத் தொடங்கினார். மலையில்லாத சமவெளியில் கோயில் கோபுரங்களே அவருக்கு உயர நிலையங்களாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள கோணமானியைக் கயிறு கட்டி ஏற்றியபோது கயிறு அறுந்து கருவி மோதி நெளிந்தது. அதை அவரே உட்கார்ந்து சீர்செய்தார். ‘கயிற்றில் தொய்வில்லை எனக் கொள்க’ என்று எழுதிவிட்டு அவரால் நகர முடியவில்லை.

மாணவர்கள் இந்தச் சிக்கலை எப்படித் தீர்க்கிறார்கள்? புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையைப் பார்த்துவிட்டு, அது வரும்படி படம் வரைகிறார்கள். முடிவை முதலில் வைத்துக்கொண்டு சான்றைப் பின்னால் தேடும் இம்முறையைச் சிறுமைப்படுத்த வேண்டாம். சங்க இலக்கியத்துக்குக் காலம் குறித்த முனைவர்கள் சிலர் வேறெந்த முறையையும் கையாண்டதாகத் தெரியவில்லை. அவர்கள் விடைத்தாளை யாரும் திருத்துவதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

வினாத்தாள் அமைப்போர் ‘ஒரே பக்கத்தில், ஒரே நேர்க்கோட்டில்’ என்றோ ‘எதிரெதிர்ப் பக்கங்களில்’ என்றோ எழுதிவிட்டால் இந்த ஆய்வுத்துறையையே இழுத்து மூடலாம். எழுதும்வரை, மாணவர்களே, வினா எப்படிப் புரிந்தது என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட்டுப் படம் போடுங்கள். 120 மீ என்ற விடையை மட்டும் வீட்டு நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். திருத்துபவர் கையிலுள்ள விடைக்குறிப்பில் அது இராது.