மூவர் கைச்சாத்தும் பீரங்கிக் குண்டும்

இணையப் பாதுகாப்பு, இணைய வணிகம் ஆகியவற்றின் கலைச்சொற்கள் யாவும் கடல் கடந்து வந்தவை என்று கருதுவோர் பலர். கடலூர் மாவட்டத்தின் வரலாற்றையும் மரபுக்கதைகளையும் சற்றே புரட்டியவருக்கு அக்கருத்தை ஏற்பது கடினம்.

ஒருவர் தாம் இன்னார்தான் என்பதை ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளால் மெய்ப்பிக்க வேண்டும் என்பது பல்காரணிச் சரிபார்ப்பு. கடவுச்சொல்லுக்குப் பின் செல்பேசிக்கு வரும் ஓடிபி அதன் எளிய வடிவம். சிதம்பரம் கோயிலில் தேவார ஏடுகள் கிடந்த அறை மூவரின் கை இலச்சினையுடன் பூட்டப்பட்டிருந்தது என்றும், அப்பர், சம்பந்தர், சுந்தரர் ஒருசேர வந்தாலன்றித் திறக்கலாகாது எனத் தில்லைவாழ் அந்தணர் ஏடுகளைத் தேடி வந்த மன்னனிடம் தெரிவித்தனர் என்றும் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. ஓடிபியின் ஆயுள் சில நிமிடங்கள். இங்கோ பயனர் மூவரும் சிவபதம் அடைந்த பின்னும் கணக்கு மட்டும் காலாவதியாகவில்லை. இராசராச சோழன் எனக் கருதப்படும் அம்மன்னன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்ய, கதவு திறந்தது. உருவத்தைக் காட்டி ஆளாகக் கணக்கில் எழுதச் செய்யும் இவ்வுத்தியை முகமறி மென்பொருள் வல்லுநர் தாக்குதல் என்பர். சைவ உலகம் தொண்டு என்கிறது, அதுவே நியாயமும் ஆகும், ஏனெனில் உள்ளே ஏடுகளில் பெரும்பகுதியைக் கரையான் ஏற்கெனவே முடித்திருந்தது. பூட்டில் வைத்த அக்கறையில் கால்பங்கைப் படியெடுத்து வேறிடத்தில் வைப்பதில், அதாவது பேக்கப்பில், காட்டியிருக்கலாம்.

இணையக் கடைகள் 'ஒப்புக்கொள்கிறேன்' என்னும் பொத்தானுக்குப் பின்னே ஒளித்துவைக்கும் நிபந்தனைகளுக்கோ கடலூரில் 1690-லேயே முன்மாதிரி உண்டு. பின்னாளில் செயிண்ட் டேவிட் கோட்டை எனப்பட்ட தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து வாங்கியபோது, அங்கிருந்து சுடும் பீரங்கியின் குண்டு எட்டும் தொலைவுவரை உள்ள ஊர்களும் விற்பனையில் சேர்ந்தன, சுடுபவரோ வாங்கியவரே. அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயரே நிலைத்தது. டார்ச் விளக்குச் செயலி ஒன்று தொடர்பு எண்கள், இருப்பிடம், புகைப்படங்கள் அனைத்துக்கும் அனுமதி கேட்பது அதே பீரங்கியின் வேலைதான். கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்; குண்டு கிராமத்தாரிடம் சம்மதமே கேட்கப்படாததால் அச்சிக்கல் எழவில்லை.

ஆள்வோன் நேரில் வந்து கேட்டும் தில்லையார் கதவைத் திறக்கத் தயங்கினர். இன்றைய கடலூர் மஞ்சக்குப்பத்துக் கணக்குதாரரோ, வங்கி மேலாளர் என்று சொல்லிக்கொள்ளும் முன்பின் அறியாத குரலுக்கு ஓடிபியை இலக்கம் இலக்கமாக, எதிர்முனைக்குச் சரியாகக் கேட்காவிடில் இரண்டாம் முறையும், பொறுமையாக வாசித்துக் காட்டுகிறார். யுபிஐயில் பணம் அனுப்பத்தான் இரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை. அதை மறந்து பணத்தை இழந்தவர் தாமதமின்றி அழைக்க வேண்டிய எண் 1930.