திருமுல்லைவாயிலில் இருந்தபடியே ராக் பாடகராவது எப்படி?

தமிழ்நாட்டில் திருமுல்லைவாயில் இரண்டு. சீர்காழிப் பக்கம், கடலோரத்தில் இருப்பது தென் திருமுல்லைவாயில். அம்பத்தூர் ஸ்டேஷனுக்கும் அண்ணனூர் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருப்பது வட திருமுல்லைவாயில். இந்த வழிகாட்டி இரண்டாவது ஊர்க்காரர்களுக்கு மட்டும். நிகழ்ச்சி நோட்டீஸில் எந்தத் திருமுல்லைவாயில் என்று போடாதீர்கள். கூட்டம் வரவில்லை என்றால், எல்லோரும் தவறுதலாகச் சீர்காழிக்குப் போய்விட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். ராக் பாடகருக்குக் குரலுக்கு முன்பே தேவைப்படுவது இந்த மாதிரி ஒரு சமாதானம்.

நீங்கள் பாடப்போவது இண்டி ராக். அப்படி என்றால் என்ன என்று வீட்டில் கேட்பார்கள். இன்டிபென்டன்ட் என்பதன் சுருக்கம் என்று சொல்லுங்கள். ஆடியோ கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது, கேட்க ஆள் கிடையாது. கடைசியில் சொன்னது இரண்டு அர்த்தத்திலும் உண்மை.

கிடார் வாங்க மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கலுக்குப் போங்கள். 1842-ல் தொடங்கிய கடை. சுவரில் தொங்குவதையெல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டு, விலைச்சீட்டை மட்டும் குனிந்து பார்த்துவிட்டு வெளியே வந்து, செகண்ட் ஹேண்டில் ஒரு கிவ்சன் தேடுங்கள். கிப்சன் இல்லை, கிவ்சன். நம் நாட்டுத் தயாரிப்பு. நடுவில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், விலையில் ஒரு புல்லட். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்பார். வாத்தியம் என்று வாதாடிப் பயனில்லை. “மிருதங்கத்துக்கே போடுறோம்” என்பார். உங்கள் கலைக்கு முதன்முதலில் விலை நிர்ணயித்தவர் அவர்தான். அந்த டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் பேட்டி யாராவது எடுத்தால் காட்டலாம்.

அப்பாவைச் சமாளிக்க ட்ரினிட்டி காலேஜ் இசைப் பரீட்சை எழுதுங்கள். லண்டன் சான்றிதழ் ஃப்ரேமுக்குள் போனால் கிடார் பொழுதுபோக்கிலிருந்து படிப்பாகிவிடும். இளையராஜாவே ட்ரினிட்டியில் கிளாசிக்கல் கிடார் எழுதித் தங்கப்பதக்கம் வாங்கியவர் என்று எடுத்துச் சொல்லலாம். “அவரு ராஜா, நீ யாரு?” என்று பதில் வரும். அதற்கு மறுமொழி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

சொந்தக்காரர்கள் வந்தால் ‘இளைய நிலா’ கேட்பார்கள். ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்தது 1982-ல். அதில் சந்திரசேகர் வாசித்த அந்தக் கிடார், அதற்குப் பின் பிறந்த ஒவ்வொரு தமிழ்க் கிடார்காரனின் தலையிலும் எழுதப்பட்டது. தெரியாது என்றால் நீங்கள் கிடார் கற்றதையே நம்ப மாட்டார்கள். தெரியும் என்று வாசித்துவிட்டால், அடுத்து ‘என் இனிய பொன் நிலாவே’ என்பார்கள். ஆக மொத்தம் நிலாவிலிருந்து தப்ப முடியாது. நான் கண்ட வழி, கிடாரில் எப்போதும் ஒரு தந்தியை அறுத்தே வைத்திருப்பது. சென்னைப் புழுக்கத்தில் அது தானாகவே துருப்பிடித்து அறுந்துகொள்ளும், உங்களுக்குச் சிரமமில்லை.

பயிற்சிக்கு நேரம் குறிப்பது கலை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. எங்கள் வீட்டு மிக்ஸியே அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஆகவே அம்மா சட்னி அரைக்கும்போது ஆம்ப்ளிஃபயரைப் போடுங்கள். காலை ஏழரையில் தேங்காய்ச் சட்னிக்கு ஒரு சோலோ, மாலையில் இட்லி மாவுக்கு கிரைண்டர் ஓடினால் முழு ஆல்பமே ஒத்திகை பார்க்கலாம். மாடி வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் சட்னியைக் காரணம் காட்டுங்கள்.

ஒத்திகையில் ஆம்பிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஓர் ஓசை விடாமல் வரும். பயப்பட வேண்டாம். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. கிடாரின் பிக்கப் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. 49 முறை அதிர்ந்தால் ‘ஜி’ என்ற சுரம். அதாவது ஈ.பி. நமக்கு ஜி-க்குச் சற்றுத் தூக்கலாக ஓர் இலவசத் தம்புரா கொடுத்திருக்கிறது. பாட்டையெல்லாம் ஜி-யிலேயே போட்டு, கிடாரையும் சற்றே ஏற்றிக்கொண்டால் தொல்லை விட்டது. விளையாட்டு போதும், ஒன்றை நிஜமாகவே சொல்கிறேன்: மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்று அடித்தால் அது ஆவேசம் இல்லை, வீட்டு வயரிங்கில் எர்த் சரியில்லை. உடனே ஆம்பை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் செருப்பு போட்டிருந்தாலும் அதுவரை மைக்கைத் தொடாதீர்கள்.

கேபிள் காலில் சுற்றும். இந்த ஊரில் காலில் சுற்றுவதை வெட்டக் கூடாது. தொண்டைமான் என்ற மன்னனின் யானைக்காலில் முல்லைக்கொடி சுற்ற, அவன் வாளை வீச, அது லிங்கத்தின் மேல் பட்டு ரத்தம் வந்த கதைதான் நம் ஊரின் தலபுராணம். பொறுமையாக அவிழ்த்து, எட்டுப் போட்டுச் சுருட்டுங்கள்.

குழுவுக்குப் பெயர் வைப்பதில் முன்னோர் பல வழிகள் காட்டியிருக்கிறார்கள். சென்னையில் 2005 வாக்கில் அமீத் தாமஸ் கிடாரோடு பாட வந்தபோது குழுவின் பெயர் ஜங்க்யார்ட் க்ரூவ். 2012-ல் ஜாஷ் ஃபெர்னாண்டஸ் முன்னால் நின்று பாட, கிளம்பிய குழு எஃப்16ஸ். கபேர் வாசுகியும் டென்மாவும் சேர்ந்தபோது வைத்த பெயர் குரங்கன். ‘கடல் புறா’ எழுதிய சாண்டில்யனின் பேரன் ராகவேந்திரா, தாத்தாவின் கதாநாயகன் பெயர் எதையும் எடுக்காமல் ஷான் ரோல்டன் ஆனார். நமக்கு ஏன் இந்த அலைச்சல்? நம் ஊர்க் கோயிலில் மாசிலாமணீஸ்வரர் சந்நிதி முன்னால் இரண்டு எருக்கந்தூண்கள் நிற்கின்றன. பால் வடியும் செடியில் கோட்டை கட்டியிருந்த குறும்பர்களை ஜெயித்துத் தொண்டைமான் கொண்டுவந்ததாம். ‘எருக்கந்தூண்’. இதைவிட கனமான பெயர் மெட்டல் குழுக்களுக்குக்கூடக் கிடைக்காது. இலவசமாகவே தருகிறேன்.

எந்த மொழியில் பாடுவது? இங்கிலீஷில் பாடினால், “உம் பையன் என்னமா இங்கிலீஷ் பேசுறான்” என்று அத்தை மெச்சுவார். பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். தமிழில் பாடினால் வார்த்தை புரிந்துவிடும். “யாருடா அந்தப் பொண்ணு?” என்று அன்று இரவே விசாரணை. குரங்கன் பாட்டுகளைக் கேட்டபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மெட்ராஸ் தமிழை நக்கலுக்கும் கானாவுக்கும் மட்டும் ஒதுக்கி வைத்திருந்தோம்; டிஸ்டார்ஷன் போட்ட கிடாரின் மேல் அது அத்தனை சுலபமாக உட்காருகிறது. விசாரணையைத் தாங்கிக்கொள்ளுங்கள், தமிழிலேயே பாடுங்கள்.

கச்சேரி நுங்கம்பாக்கத்திலோ ஈ.சி.ஆரிலோதான் கிடைக்கும். எட்டு மணி என்று போட்டால் ஒன்பதரைக்குத் தொடங்கும். உங்கள் மனமோ ஒன்பதரைக்கே கடைசி ஆவடி வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கும். ஆகவே எப்போதும் முதல் குழுவாகப் பாடக் கேளுங்கள். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். பேசின் பிரிட்ஜில் வண்டி சிக்னலுக்காக நிற்கும் நேரம் ஒரு பல்லவிக்குப் போதும், அதிர்ஷ்டமிருந்தால் சரணமும். பெண்ணாக இருந்தால் கடைசி வண்டி என்ற இரண்டு சொல்லுக்கே தனியாக ஒரு வழிகாட்டி வேண்டும். அதை எழுதும் தகுதி எனக்கில்லை.

மேடையில் ஏறியதும் ரசிகர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவார்கள். மனம் உடைய வேண்டாம். நம் கோயிலில் நந்தியே சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறது. தொண்டைமானுக்குப் போரில் துணை போகத் திரும்பியது என்பார்கள். சாமி இன்றுவரை குறைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இந்த வழிகாட்டியில் நீங்கள் உருப்படியாகப் பின்பற்ற ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஆடி மாதம் கூழ் ஊற்றும் இரவுகளில் தெருமுனை அம்மன் கோயிலுக்குப் போய், மெல்லிசைக் குழு மேடையின் பக்கவாட்டில், கிடார் வாசிக்கும் அண்ணனுக்கு இரண்டடி தள்ளி நில்லுங்கள். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்திருப்பார். எல்.ஆர். ஈஸ்வரி பாட்டில் தொடங்கி முப்பது பாட்டு, ஒத்திகை இல்லாமல், காகிதம் இல்லாமல். பாடுகிற பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருந்தால் ஒரு பார்வையில் சுருதியை இறக்கிவிடுவார். கீபோர்டு நின்றுபோனால் அதன் பகுதியையும் தானே வாசிப்பார். சாமி வந்து ஒருவர் ஆடத் தொடங்கினால், அவர் மலையேறும்வரை அதே நாலு மாத்திரையைச் சலிக்காமல் சுழற்றுவார். பத்து மணிக்குப் போலீஸ் வந்ததும் பேட்டாவை எண்ணிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டி.வி.எஸ். ஐம்பதில் கிடாரைக் குறுக்கே வைத்துப் போய்விடுவார். நான் அவரைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தவன். சொந்தப் பாட்டு வைத்திருக்கிறேன் என்ற திமிர். அவர் ஒரே இரவில் செய்வதில் பாதியைக் கற்க எனக்குப் பத்து வருடம் பிடித்தது.

பணம்? சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு 2019 பிப்ரவரியில் வந்தது. 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குக் காசே கிடையாது. கணக்குப் போட்டேன். காலை, மதியம், இரவு என்று நாளைக்கு மூன்று வேளை கேட்டால் வருடத்துக்கு 1095. அம்மாவின் போனில் பி.பி. மாத்திரையோடு சேர்த்து ஏற்பாடு செய்தேன். பிறகுதான் தெரிந்தது, ஒரே ஆள் கேட்டால் செல்லாது, வேறு வேறு ஆட்களும் வேண்டும் என்று. இப்போது மாத்திரை மட்டும் தொடர்கிறது.

ஆகவே கடைசியில் கோடம்பாக்கம். “சினிமால பாடிருக்கீங்களா?” என்ற கேள்விக்கு ஆமாம் என்று சொல்லும்வரை திருமுல்லைவாயிலில் நீங்கள் பாடகர் இல்லை. இது துரோகம் என்று இளரத்தம் கொதிக்கும். ரகுமான்கூட நெமெசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவிலிருந்து வந்தவர்தான். டென்மா ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’க்கு இசையமைத்தார், 2019-ல். ஷான் ரோல்டன் 2014-ல் ‘வாயை மூடி பேசவும்’. அவர்கள் போனதில் எனக்கு வருத்தமில்லை. போகாமல் இருந்துகொண்டே சாப்பிட இங்கே வழியில்லை என்பதுதான் வருத்தம். ஊருக்கு ஊர் கல்யாண மண்டபம் இருக்கிறது. ஐம்பது பேர் உட்கார்ந்து புதுப் பாட்டு கேட்க ஆவடி முதல் பாடி வரை நான் தேடிய வரையில் ஓர் அறை கிடைக்கவில்லை.

டிரம்மர் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். சொல்ல ஒன்றுமில்லை, போய்விடுவார்கள். ஒருவருக்கு பெங்களூரு, ஒருவருக்குத் துபாய், ஒருவருக்குக் கல்யாணம், நாலாமவருக்கு இவை மூன்றும்.

எனவே: டிரம்மர் ஒருவர் தேவை. ஞாயிறு காலை ஏழரைக்கு, சட்னி அரைத்து முடிவதற்குள் வரவும். பைக் இருந்தால் நல்லது. ‘இளைய நிலா’ கேட்கக் கூடாது.