மேஸ்திரி ஓய்வு பெற்ற பிறகு

ஹார்மோன், எலும்பு, சர்க்கரை: வாசகர் கேள்விகள்

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, கும்பகோணம்: மாதவிடாய் நின்றால் எலும்பு தேயும் என்கிறார்கள். சினைப்பைக்கும் இடுப்பெலும்புக்கும் என்ன சம்பந்தம், பக்கத்தில் இருப்பதைத் தவிர?

எலும்பு கட்டி முடித்த வீடு அல்ல. எந்நேரமும் மராமத்து நடக்கிற வீடு. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் பழையதை இடிக்கும்; ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புதியதைக் கட்டும். இடிக்கிற கோஷ்டியை அதட்டி வைத்திருக்கும் மேஸ்திரி, ஈஸ்ட்ரோஜன். சினைப்பை சுரப்பைக் குறைத்ததும் மேஸ்திரி ஓய்வு பெறுகிறார். இடிப்பவர்களுக்கு ஓவர்டைம். கட்டுகிறவர்களும் சும்மா இருப்பதில்லை, ஆனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. 1940 வாக்கிலேயே இதை எடுத்துச் சொன்னவர் பாஸ்டன் நகர மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட். கர்ப்பப்பை ஆபரேஷன் என்றால், "சினைப்பையையும் எடுக்கப்போகிறீர்களா?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கர்ப்பப்பை போனாலும் மேஸ்திரி இருப்பார்; சினைப்பைகள் இரண்டும் போனால் அன்றே கிளம்பிவிடுவார்.

ஜவுளிக்கடை உரிமையாளர், ஈரோடு: ஹார்மோன் மாத்திரையைக் குதிரை மூத்திரத்தில் செய்கிறார்களாமே! வதந்திதானே?

வதந்தி இல்லை, பெயரே அதுதான். 1942-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த 'பிரிமாரின்' மாத்திரையின் மூலப்பொருள் சினைக் குதிரையின் மூத்திரம். 'பிரெக்னன்ட் மேர்ஸ் யூரின்' என்பதைச் சுருக்கித்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். இன்று வேறு வகை ஈஸ்ட்ரோஜனும் கிடைக்கிறது. தோலில் ஒட்டும் பட்டையாகவும் தடவும் களிம்பாகவும் வருகிறது. கோமியம் வாங்கித் தெளிக்கிற ஊரில் குதிரையை மட்டும் குறை சொல்வானேன்!

கல்லூரி மாணவி, நாகர்கோவில்: பெண்களுக்கான மருந்தை ஆண்களிடம் சோதித்தார்கள் என்று படித்தேன். நிஜமாகவா?

நிஜமாக. ஈஸ்ட்ரோஜன் இதயத்தைக் காக்குமா என்று பார்க்க 1960-களில் அமெரிக்காவில் 'கரோனரி டிரக் புராஜெக்ட்' என்ற பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். 8,341 பேர். ஒருவர்கூடப் பெண் இல்லை! ஈஸ்ட்ரோஜனை விழுங்கிய ஆண்களுக்கு நன்மை வரவில்லை. தொந்தரவு வந்தது, அந்தப் பிரிவுகளைப் பாதியில் மூடினார்கள். அடுத்து 12,866 ஆண்களை வைத்து ஓர் இதய ஆய்வு. அதன் செல்லப்பெயர் 'மிஸ்டர் ஃபிட்'. மிஸஸ் ஃபிட் யார் என்று கேட்க ஆளில்லை. பால்டிமோரில் மனித முதுமையை ஆராய 1958-ல் ஆரம்பித்த ஆய்வு, பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1978-ல். இருபது வருடம் பெண்களுக்கு வயதே ஆகவில்லை போலிருக்கிறது.

அவரே: ஏன் அப்படி ஒதுக்கினார்கள்?

தாலிடோமைடு மருந்தால் குழந்தைகள் ஊனமாகப் பிறந்த பயம் ஒரு பக்கம். கருத்தரிக்கக்கூடிய பெண்களை ஆரம்பகட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. 1993-ல்தான் அதை மாற்றிக்கொண்டது. மாதா மாதம் ஹார்மோன் ஏறி இறங்குவதால் கணக்கு குழம்பும் என்ற சாக்கு இன்னொரு பக்கம். கணக்கு குழம்பும் என்று ஆய்வில் சேர்க்காதவர்கள், மருந்துச்சீட்டு எழுதும்போது மட்டும் குழம்பவே இல்லை.

வங்கி ஊழியர், திருச்சி: இதை மாற்றியது யார்?

1991-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்கு முதல் பெண் இயக்குநராக வந்த இதய மருத்துவர் பெர்னடீன் ஹீலி. அந்த வருடமே 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற ஆய்வை அறிவித்தார். 50 முதல் 79 வயது வரையிலான 1,61,808 பெண்கள். இதயம், மார்பகப் புற்றுநோய், எலும்பு முறிவு என்று எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் பார்த்தார்கள். அதுவரை "ஹார்மோன் நல்லது" என்பது நம்பிக்கை. இனிமேல் எண்ணிப் பார்க்கலாம் என்றார்கள்.

பெயர் வேண்டாம், விருதுநகர்: அந்த ஆய்வில்தான் ஹார்மோன் மாத்திரை புற்றுநோயை 26 சதவீதம் கூட்டும் என்று வந்ததாம். அதைக் கேட்டு மாத்திரையைச் சாக்கடையில் போட்டேன்.

சாக்கடைக்கு மாதவிடாய் நின்று எவ்வளவு நாளாயிற்றோ! விஷயத்துக்கு வருவோம். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையை 16,608 பெண்களிடம் சோதித்தார்கள். சராசரியாக 5.2 ஆண்டு முடிந்த நிலையில், 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தினார்கள். பத்தாயிரம் பெண்கள் ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டால் மார்பகப் புற்றுநோய் 30 பேருக்குப் பதில் 38 பேருக்கு. உங்களை மிரட்டிய 26 சதவீதம், அந்த எட்டுப் பேர்தான். மாரடைப்பு 7, பக்கவாதம் 8, நுரையீரல் ரத்தக்கட்டி 8 என்று அதிகமாயின. குடல் புற்றுநோய் 6, இடுப்பெலும்பு முறிவு 5 என்று குறைந்தன. ஒரே மாத்திரை எலும்பை உயர்த்திப் பிடித்து, மார்பகத்தைக் கைவிட்டது. சதவீதம் பத்திரிகைத் தலைப்புக்கு நல்லது. வீட்டுக்கு, எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற கணக்குதான் உதவும்.

அவரே: அப்படியானால் பயப்பட வேண்டாமா?

யார் என்பதைப் பொறுத்தது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனவர்கள் ஏராளம். 51 வயதில் நள்ளிரவில் உடம்பு கொதித்து, ஜாக்கெட் நனைந்து எழுந்து உட்காருகிறவரின் கணக்கு வேறு. 60 வயதுக்குள், அல்லது நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்கினால் பலருக்கு லாபம் அதிகம், ஆபத்து குறைவு என்பது இன்றைய நிலை. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த தனி ஆய்வில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. பிற்பாடு பார்த்தால் குறைந்தே இருந்தது. பக்கவாதம் அதிலும் கூடியது. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம் வந்தவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம். பக்கத்து வீட்டம்மா சாப்பிடுகிறாள் என்று தொடங்கவும் வேண்டாம், நாத்தனார் பயமுறுத்தினாள் என்று நிறுத்தவும் வேண்டாம்.

கணவர் ஒருவர், சேலம்: என் மனைவி சமீபகாலமாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். ஹார்மோன் கோளாறா?

ஒரு வாரம் பாத்திரம் துலக்குங்கள். எரிச்சல் குறைந்தால் காரணம் ஹார்மோன் இல்லை. அடுத்த வாரம் நிறுத்திப் பாருங்கள். இதற்குப் பெயர்தான் கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வு. இரண்டாவது வாரத்தின் விளைவுகளுக்கு இந்தப் பகுதி பொறுப்பாகாது.

மளிகைக்கடை அம்மா, தேனி: கால்சியம் மாத்திரையை மிட்டாய் மாதிரி எல்லோரும் சாப்பிடுகிறார்களே, பலன் உண்டா?

அதே அமெரிக்க ஆய்வில் 36,282 பெண்களுக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்துப் பார்த்தார்கள். இடுப்பெலும்பின் அடர்த்தி ஒரு சதவீதம் கூடியது. இடுப்பு முறிவு உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்களிடம் முறிவு குறைந்ததையும் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறது நம் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது. உங்கள் கடையில் மூட்டையில் இருப்பதை விட்டுவிட்டு மருந்துக்கடைக்கு ஏன் ஓடுகிறீர்கள்? சாப்பாட்டில் போதாத மிச்சத்துக்குத்தான் மாத்திரை.

இல்லத்தரசி, தாம்பரம்: கல்யாண மண்டபத்தில் இலவச முகாம். குதிகாலை ஒரு பெட்டியில் வைத்து, எலும்பு வலு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தூக்கமே வரவில்லை.

தூங்குங்கள். குதிகால் கருவி ஒரு சந்தேகத்தைக் கிளப்பலாம், தீர்ப்பு சொல்ல முடியாது. தீர்ப்பு டெக்ஸா ஸ்கேனில். அதில் வரும் 'டி ஸ்கோர்' மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை. 1994-ல் உலக சுகாதார நிறுவனம் வைத்த கோடு அது. உங்கள் இடுப்பை ஒப்பிடுவது யாரோடு தெரியுமா? இருபதுகளில் இருக்கும் வெள்ளைக்கார அமெரிக்கப் பெண்களோடு. நம்மில் யாருக்குத்தான் அந்த இடுப்பு!

மகன், திருநெல்வேலி: அம்மாவுக்கு 15 வருடமாகச் சர்க்கரை. ஸ்கேனில் எலும்பு அடர்த்தி நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆறே மாதத்தில் குளியலறையில் வழுக்கி இடுப்பு முறிந்துவிட்டது. எப்படி?

இந்த வாரத்தின் மிக நல்ல கேள்வி உங்களுடையது. உங்கள் அம்மாவுக்கு நேர்ந்ததால் பாராட்ட மனம் வரவில்லை. இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களின் எலும்பு அடர்த்தி பெரும்பாலும் சராசரி, சில சமயம் கூடுதல். இருந்தும் இடுப்பு முறியும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். முதல் வகையில் இன்னும் பல மடங்கு. ஸ்கேன் எலும்பில் எவ்வளவு சுண்ணாம்பு என்று எடை போடுகிறது. சரக்கின் தரத்தைப் பார்ப்பதில்லை. ரத்தத்தில் மிதமிஞ்சிய சர்க்கரை, எலும்பின் கொலாஜன் நார்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. வளைந்து கொடுக்க வேண்டிய நார், பாகு முற்றிய கடலைமிட்டாய் போல் ஆகிவிடுகிறது: கெட்டி, ஆனால் தட்டினால் உடையும். போதாததற்குக் கால் மரத்துப்போகிறது, கண் மங்குகிறது, சர்க்கரை தாழ்ந்தால் தலை சுற்றுகிறது. விழுவதற்கு வேறென்ன வேண்டும்? முறிவு ஆபத்தைக் கணிக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் 'ஃபிராக்ஸ்' கணக்கில் இரண்டாம் வகைச் சர்க்கரைக்கு ஒரு கட்டம்கூட இல்லாமலே வெகுகாலம் ஓட்டினார்கள். அதனால் சில மருத்துவர்கள் முடக்குவாதத்துக்கான கட்டத்தில் டிக் போட்டுச் சமாளிப்பார்கள். குளியலறையில் கைப்பிடிக் கம்பி ஒன்று பொருத்துங்கள். அது எந்த ஸ்கேனைவிடவும் மலிவு.

அவரே: சர்க்கரை மாத்திரையே எலும்பைக் கெடுக்குமா?

ஒன்று கெடுத்தது. 'ரோசிகிளிட்டசோன்' மருந்தை வேறு இரண்டு மாத்திரைகளோடு ஒப்பிட்ட 'அடாப்ட்' என்ற ஆய்வு 2006-ல் வந்தது. மெட்ஃபார்மின் சாப்பிட்ட பெண்களில் எலும்பு முறிந்தவர்கள் 5.1 சதவீதம், ரோசிகிளிட்டசோன் சாப்பிட்டவர்களில் 9.3 சதவீதம். ஆண்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஆய்வையும் 'மிஸ்டர் ஃபிட்' பாணியில் நடத்தியிருந்தால்? இதய ஆபத்து காரணமாக அந்த மருந்தை இந்தியா 2010-ல் தடை செய்துவிட்டது. அதே குடும்பத்து பயோகிளிட்டசோன் இன்னும் கடையில் உண்டு. அம்மாவின் சீட்டில் அது இருந்தால் மருத்துவரிடம் எலும்பு முறிந்த கதையைச் சொல்லுங்கள்; நீங்களாக நிறுத்தாதீர்கள்.

யோகா ஆசிரியை, கோவை: ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் சர்க்கரை வராதாமே!

வருவது குறைந்தது உண்மை. அந்த 2002 ஆய்வில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 3.5 சதவீதத்தினருக்கும் வெற்று மாத்திரைக்காரர்களில் 4.2 சதவீதத்தினருக்கும் சர்க்கரை வந்தது. ஆயிரத்துக்கு ஏழு பேர் தப்பினார்கள். அதற்காக அந்த மாத்திரையைச் சாப்பிடச் சொல்லி யாரும் பரிந்துரைப்பதில்லை. எலியைப் பிடிக்க யானையை வளர்ப்பானேன்?

புதுத்தாய், வேலூர்: கர்ப்பத்தில் வந்த சர்க்கரை பிரசவத்தோடு போய்விட்டது. மறந்துவிடலாமா?

சர்க்கரை உங்களை மறக்காது. பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஏழு மடங்கு. ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை, அப்புறம் வருடா வருடம். கர்ப்பிணி சாப்பிட்டு வந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை போதும் என்ற எளிய வழிக்காகப் பாடுபட்டவர் சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா. அவர் பிறந்த மார்ச் 10-ஐ இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடுகிறார்கள். வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வர முடியாத பெண்ணை நினைத்துச் செய்த பரிசோதனை அது.

செவிலியர் மாணவி, தஞ்சாவூர்: இப்போது ஆய்வுகளில் பெண்கள் சமமாக இருக்கிறார்கள்தானே?

நடையும் உணவுக் கட்டுப்பாடும் சர்க்கரையைத் தள்ளிப்போடும் என்று நம் நாட்டவரிடம் நிரூபித்த ஆய்வு 2006-ல் சென்னையிலிருந்து வந்தது. உலகமே மேற்கோள் காட்டும் ஆய்வு. அதில் 531 பேர்; பெண்கள் 110. நீங்கள் நர்ஸ் ஆனதும் எண்ணிக்கொண்டே இருங்கள்.

பாட்டி, காரைக்குடி: எங்கம்மா கடைசிக் காலத்தில் கூன் விழுந்து, குள்ளமாகிப் போய்ச் சேர்ந்தாள். அதற்கு அப்போது என்ன பெயர் சொன்னார்கள் என்று ஞாபகமில்லை.

"வயசாச்சு" என்று சொல்லியிருப்பார்கள். அது முதுகெலும்பு ஒவ்வொன்றாக நொறுங்கி அமுங்கியதாக இருக்கலாம். அத்தகைய முறிவுகளில் மூன்றில் ஒன்றுதான் இன்றும் மருத்துவர் கவனத்துக்கு வருகிறது. மிச்சமெல்லாம் முதுகுவலி, வாயு, வயசு. உங்கள் உயரம் இளவயதில் இருந்ததைவிட நாலு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அளவுகோல் தேட வேண்டாம். எப்போதும் கட்டுகிற உள்பாவாடை திடீரென்று தரையில் புரள ஆரம்பித்தால், பாவாடை வளரவில்லை, பாட்டி.